ராணி காசின் பின்பக்கத்துப் புள்ளி

என் காசில் நானே புள்ளி ஒட்டிவிட்டேன் என்று ஒருவர் மைக்கில் சொன்னார். ஆரணியில், நான் பிறந்து வளர்ந்து மூன்று மாடி கட்டிய ஊரில், ஒரு கல்யாண மண்டபத்து மாடி ஹாலில், நாற்பது பேர் முன்னால் சொன்னார். நாற்பது பேரும் சிரித்தார்கள். இதை எழுதும்போதும் பேனா முனை தாளைக் கிழிக்கிறது. வயதால் என்று நினைத்துவிட வேண்டாம். எழுபத்திரண்டு வயதில் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிறவன் நான். இது கோபத்தில் விழுகிற கிழிசல்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது விளங்கும்.

நான் படித்தது நான்காம் வகுப்பு. அப்பாவுக்குப் பட்டு நெசவு. வீட்டுக்குள் இரண்டு குழித்தறி. பதினான்கு வயதில் நான் தறியை விட்டுவிட்டு, ஜக்கார்டு அட்டை அடிக்கிற பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். சேலைக் கரையில் வருகிற மாங்காய், அன்னம், யானை எல்லாம் அந்த அட்டையிலிருந்துதான் வருகின்றன. அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல் எழும்பும், இல்லாத இடத்தில் படுத்துக் கிடக்கும். ஓர் ஓட்டை தப்பினால் மாங்காயின் மூக்கு உடையும். அந்த அட்டை சுற்றி வரும்போதெல்லாம் அதே இடத்தில், அதே மூக்கு உடையும். ஆறு வருஷத்தில் பட்டறைக்காரருக்கே தெரியாத வேலையெல்லாம் கற்றுக்கொண்டேன். பத்தாவது வருஷம் சொந்தப் பட்டறை. இந்த ஊரில் பாதிக் கல்யாணங்களில் மணப்பெண் உடுத்துகிற கரை என் கையால் ஓட்டை விழுந்த கரை. இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பிள்ளைகள், எல்லாம் டிகிரி படித்தவர்கள், எங்கே கோளாறு என்று பிடிபடாமல் எனக்குப் போன் போடுகிறார்கள். நான் போய்ச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். இத்தனையாவது அட்டை, இத்தனையாவது ஓட்டை என்று சொல்வேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. யாரிடமும் கைகட்டி நிற்காமல், யாரையும் எதுவும் கேட்காமல் முன்னுக்கு வந்தவன் நான்.

காசுப் பைத்தியம் பிடித்தது என் மகளுக்குக் கொலுசு செய்யப் போனபோது. பழைய வெள்ளி ரூபாய் ஒரு கைப்பிடி வாங்கிவந்தேன், உருக்குவதற்கு. பத்தரிடம் கொடுப்பதற்கு முன், நூல் எண்ணுகிற பூதக்கண்ணாடியை வைத்துச் சும்மா பார்த்தேன். இரண்டு காசு. இரண்டிலும் அதே ராணி, அதே வருஷம். ஒன்றில் வருஷத்துக்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி இருந்தது, மற்றதில் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது வேறு அட்டை என்று வாய்விட்டே சொன்னேன். அன்றைக்குப் பத்தரிடம் போகவில்லை. கொலுசை வேறு வெள்ளியில் செய்துகொண்டோம்.

காசு அடிப்பது எப்படி என்று இரண்டு வரியில் சொல்கிறேன். இரும்பு அச்சில் படத்தை எதிர்மாறாகக் குடைவார்கள். அச்சில் பள்ளமாக இருப்பது வெள்ளியில் மேடாக விழும். அச்சு தேய்ந்துபோனால் புது அச்சு. புது அச்சில் ஓர் இலை குட்டையாகும், ஒரு பூ விரியும், ஓர் எழுத்து நகரும். அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. பழைய ராணி காசு ஒன்றில் தலைக்கு மேல் எழுத்து ஒரே ஓட்டமாக ஓடும். அதே வருஷத்து இன்னொன்றில் ராணியின் தலை எழுத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் முதல் காசில், மார்புச் சங்கிலியில் குடைந்த யானை பன்றி மாதிரி வந்துவிட்டது. ஜனங்கள் சண்டைக்கு வந்து, அடுத்த வருஷம் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். இங்கிலீஷ் எனக்கு வாசிக்க வராது. வந்திருந்தால் நானும் எல்லோரையும் போல எழுத்தை வாசித்துவிட்டுக் காசைக் கீழே வைத்திருப்பேன். எனக்கு அந்த எழுத்தும் ஒரு டிசைன்தான். அதனால் எழுத்தின் கால் நீண்டிருக்கிறதா, வயிறு பெருத்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்தக் கதை ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டாம் வருஷத்து ராணி ரூபாயைப் பற்றியது. அந்த வருஷத்தை வெள்ளைக்காரன் பன்னிரண்டு வருஷம் மாற்றவே இல்லை. அறுபத்திரண்டு என்றே போட்டு எழுபத்து நாலு வரை அடித்தான். எந்தக் காசு எப்போது அடித்தது என்று தெரிய, பம்பாய்க்காரர்கள் பின்பக்கத்தில் புள்ளி வைத்தார்கள் என்கிறார்கள். புள்ளியே இல்லாதது, வருஷத்துக்குக் கீழே புள்ளி வைத்தது, மேலே பூவுக்குப் பக்கத்தில் வைத்தது என்று விதவிதமாக இருக்கிறது. என்னிடம் வெல்வெட் ஒட்டிய மரத்தட்டு நான்கு இருக்கிறது, அறுபத்திரண்டுக்கு மட்டும். வேலூர், காஞ்சிபுரத்தில்கூட இந்த மாதிரித் தட்டு ஒருவனிடமும் கிடையாது.

அந்தத் தட்டுகளிலேயே எனக்குப் பெருமையான காசு என் அப்பாவின் தறிக் காசு. எங்கள் வீடுகளில் தறிக்கு ஒரு வெள்ளி ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து கட்டி வைப்பது வழக்கம். ஆயுத பூஜைக்கு மட்டும் அவிழ்ப்பார்கள். புளி போட்டுத் தேய்த்து, தட்டில் பச்சரிசி பரப்பி, ராணி முகம் மேலே தெரிய வைத்து, சந்தனம், குங்குமம் இடுவார்கள். முகத்தைத் தேய்த்துத் தேய்த்து ராணிக்கு மூக்கும் கண்ணும் போய்விடும். பின்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. அது அரிசியில் கவிழ்ந்து கிடக்கும், புதுக் கருக்கு மாறாமல். முகத்தை மட்டும் பார்க்கிற வியாபாரி தறிக் காசைத் தேய்ந்த காசு என்று தள்ளிவிடுவான். நான் திருப்பிப் பார்ப்பேன். இந்தச் சூட்சுமம் கண்டுபிடித்தவன் நான்தான்.

அப்பா போனபோது ஆளுக்கு ஒரு தறி, அந்தத் தறியின் காசு என்று எனக்கும் தம்பிக்கும் பிரித்தார்கள். என் பங்குக்கு வந்தது அறுபத்திரண்டு. அதன் பின்பக்கத்தில், வருஷத்தின் முதல் எழுத்தான ஒன்றுக்கு இடப்பக்கம், இலைநுனியை ஒட்டி ஒரு புள்ளி இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அந்த இடத்தில் புள்ளி கிடையாது. பதினைந்து வருஷம் தேடினேன். இன்னொரு காசு கிடைக்கவில்லை. புது அச்சு என்று முடிவு கட்டினேன். புள்ளியைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அச்சு வெடித்த கோடு என்று அதற்கும் முடிவு கட்டினேன்.

போன ஆடி மாதம் காசு சேர்க்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து ஆரணியில் கூட்டம் போட்டார்கள். நானும் ஒரு மேஜை எடுத்தேன். அந்தக் காசை மட்டும் ஒரு சிவப்புத் துணியில் வைத்து, ‘உலகில் இது ஒன்றுதான்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். ஏன் எழுதக் கூடாது? வேறு எவனாவது காட்டியிருக்கிறானா?

வேலூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கல்லூரியில் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். அச்சு வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி என்று அவர்தான் பேச்சு. மேஜை மேஜையாகப் போய்ச் சில காசுகளை எடுத்துவந்து, ஒரு கேமராவுக்கு அடியில் வைத்து, சுவரில் பெரிதாகக் காட்டிப் பேசினார். என் காசையும் எடுத்தார். நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போடுவார் என்று நினைத்தேன்.

சுவரில் என் புள்ளி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

“இது யாரோட காசு?”

“என்னுதுங்க சார்.” எழுந்து நின்றேன்.

“பெரியவரே, இந்தப் புள்ளி அச்சுல வந்தது இல்ல. மேல வெச்சு ஒட்டினது. சுத்தி ஒரு கோடு தெரியுது பாருங்க.”

“அது அச்சு வெடிச்ச கோடுங்க.”

“அச்சு வெடிச்சா கோடு ஓடும், இப்படி வட்டமா உக்காராது. புள்ளியோட நிறமும் வேற. கறுத்துப் போயிருக்கு.” மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். தள்ளிப் பிடித்தாலும் எல்லோருக்கும் கேட்டது. “கைவேலை செஞ்ச காச எக்ஸிபிஷன்ல வெக்காதீங்க. உலகத்துலயே ஒண்ணுன்னு போர்டு வேற. யாராவது நம்பி ஏமாந்தா?”

“நான் விக்கிறதுக்கு வெக்கலிங்களே.”

“அப்புறம் எதுக்குங்க புள்ளி வெச்சீங்க?”

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அட்டையில ஓட்ட போட்டு போட்டு கை சும்மா இருக்கல. காசுல புள்ளி வெச்சிட்டாரு!”

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். என் பட்டறையில் அட்டை வாங்கி, என் டிசைனில் சேலை போட்டு, வண்டி வாங்கியவன். நான் மேடைக்குப் போய்க் காசை எடுத்துக்கொண்டு, மேஜையையும் துணியையும் அப்படியே விட்டுவிட்டுப் படி இறங்கினேன். கீழே சாம்பார் வாசனை. சாப்பிடாமல் வந்தேன்.

வீட்டில் என் மனைவி சொன்னாள், “ஒரு புள்ளிக்கா இம்மாம் பேஜாரு? அவுரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு, வுடுங்க.”

“நான் ஏமாத்துறவன்னு சொல்லிட்டாண்டி.”

“அப்படியா சொன்னாரு?”

“ஒட்டினேன்னு சொன்னா வேற இன்னா அர்த்தம்?”

“நீங்க ஒட்டலதானே?”

இந்தக் கேள்வியை என் சொந்த வீட்டில், ஐம்பது வருஷம் என் கை உழைப்பில் சாப்பிட்டவள் கேட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. சந்தைக்குப் போனால் யாராவது புன்னகை செய்தால்கூட அதே விஷயம்தான் என்று தோன்றும். காசு போனால் போகிறது, நூறு காசு இருக்கிறது. என் பேர் ஒன்றுதான் இருக்கிறது. வெறும் கையோடு பட்டறை தொடங்கியவனுக்கு முதல் அட்டைக்கு அட்டைக்காரன் கடன் கொடுத்தது இந்தப் பேரை நம்பித்தான். எண்ணி நூறு ஓட்டை என்றால் நூறு இருக்கும் என்று ஆரணி முழுக்க நம்பியது. அந்தப் பேரில்தான் அந்த வாத்தியார் புள்ளி வைத்துவிட்டார்.

அதைத் துடைக்க ஒரே வழிதான். ஓர் அச்சு ஒரே ஒரு காசை அடித்துவிட்டு உடைந்துபோகாது. ஆயிரம் ஆயிரமாக அடிக்கும். தப்பான அட்டை எல்லாச் சேலையிலும் அதே தப்பைப் போடுகிற மாதிரி, அந்த அச்சும் எல்லாக் காசிலும் அதே இடத்தில் புள்ளி போட்டிருக்க வேண்டும். இன்னொன்று கிடைத்தால் போதும். இரண்டையும் அந்த ஆள் மூக்குக்கு முன்னால் வைப்பேன்.

எங்கே கிடைக்கும்? வியாபாரிகளிடம் இல்லை. பதினைந்து வருஷம் சலித்துவிட்டேன். முகம் தேய்ந்து, பின்பக்கம் கருக்கு மாறாமல், யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற காசு தறியில்தான் கிடக்கிறது. தெரிந்த வீட்டுக்கெல்லாம் போனேன். ஒரு வீட்டில் மருமகள் மட்டும் தறியில் உட்கார்ந்திருந்தாள்.

“ரெண்டு நிமிஷம் காச அவுத்துக் காட்டும்மா.”

“ஐயய்யோ, பூஜை வராம அவுக்க மாட்டோம் மாமா. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா துணியில என்னை முடிஞ்சு தறியில கட்டிடுவாங்க. பூஜைக்கு வாங்க, சுண்டலும் குடுக்கிறோம், காசும் காட்டறோம்.”

எல்லா வீட்டிலும் இதே பதில்தான். ஆயுத பூஜை வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பூஜையன்று காலையில் கிளம்பியவன் பதினொரு வீடு ஏறி இறங்கினேன். பதினொரு வீட்டிலும் சுண்டல். பொரியை வேட்டி மடியில் கட்டிக்கொண்டு நடந்தேன். எல்லா வீட்டிலும் காசைத் திருப்பிக் காட்டினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் நிறைய. பன்றி யானைகூட ஒன்று இருந்தது, வேறு நாளாக இருந்தால் கூத்தாடியிருப்பேன். அறுபத்திரண்டு இரண்டே இரண்டு. இரண்டிலும் ஒன்றுக்கு இடப்பக்கம் வெறுமையாக இருந்தது.

போகாத வீடு ஒன்று இருந்தது. தம்பி வீடு. தேவிகாபுரத்தில் இருக்கிறான், அப்பாவின் மற்றத் தறியோடு. உண்மையில் முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான். இரண்டு காசும் ஒரே சமயத்தில் அப்பா கைக்கு வந்தவை என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்கும் தம்பிக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சு கிடையாது. என் புது வீட்டுக்குப் பத்திரிகையைத் தட்டில் வைத்து நேரில் வந்து கொடுக்கவில்லையாம், போனில் கூப்பிட்டேனாம். மூன்று மாடி கட்டுகிறவனுக்கு எத்தனை வேலை இருக்கும்? அதற்காக அவன் வரவில்லை. வராதவன் வீட்டுப் படியை நான் ஏன் மிதிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்றைக்கு மிதித்தேன். மத்தியான பஸ் பிடித்து, நின்றுகொண்டே போனேன். பஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசியிருந்தார்கள்.

வாசலில் தம்பி மாவிலைத் தோரணத்தைச் சரி செய்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். தோரணத்தைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

“அடடே, மூணு மாடி நடந்து வந்திருக்குது!”

“உள்ள வுடுவியா, வுட மாட்டியா?”

“பத்திரிகை வெக்க வந்தியாணா? கிரகப்பிரவேசம் எப்போ?”

உள்ளேயிருந்து தம்பி மனைவி ஓடிவந்தாள். “வாங்க மாமா. இன்னாங்க நீங்க, அவர வாசல்லயே நிக்க வெச்சிகினு பேசிகினு கீறீங்க?”

“காசு பாக்க வந்தேம்மா. தறிக் காசு. பின்பக்கம் பாக்கணும்” என்றேன்.

“ஒன்பது வருஷம் கழிச்சி அண்ணன் வரான், என்னைப் பாக்க இல்ல, காசோட முதுகப் பாக்க” என்றான் தம்பி, தறியைப் பார்த்து.

கற்பூரம் காட்டி முடிக்கும்வரை காசைத் தொடக் கூடாது என்றான். வேண்டுமென்றே தேங்காயை மெதுவாக உடைத்தான். சந்தனத்தை மெதுவாகக் கரைத்தான். நான் நின்றுகொண்டே இருந்தேன். தீபாராதனை முடிந்ததும் தம்பி மனைவி காசை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, என் உள்ளங்கையில் கவிழ்த்து வைத்தாள்.

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒன்றுக்கு இடப்பக்கம், இலைநுனியை ஒட்டி, புள்ளி இருந்தது. சுற்றிலும் அதே மெல்லிய கோடு.

“கெடச்சிடுச்சி!” என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “மாட்டிகினான்! வேலூர்க்காரன் மாட்டிகினான்!”

அப்புறம்தான் கண்ணாடியை வலப்பக்கம் நகர்த்தினேன். ஒன்று. எட்டு. அடுத்து ஆறு வர வேண்டும். எட்டு இருந்தது. அதற்கு அடுத்து ஐந்து.

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து.

தறிக்குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வருஷத்தையும் சேர்த்துத்தான் அச்சில் குடைகிறார்கள். வருஷம் மாறினால் அச்சு மாறும். என் காசு எழுபத்து நாலில் அடித்தது என்றே வைத்தாலும் எண்பத்தைந்துக்குப் பதினோரு வருஷம் இடைவெளி. எத்தனையோ அச்சு மாறியிருக்கும். ஆள் மாறியிருப்பான். அத்தனைக்கும் அப்புறம் அதே இடத்தில், அதே அளவில், அதே கோட்டோடு ஒரு புள்ளி எந்த அச்சிலும் வராது. காசு அடித்து முடித்த பிறகு, வெளியே, யாரோ ஒருவர் கையால் வைத்தால்தான் வரும். வாத்தியார் சொன்னது சரி.

“இன்னாணா, மூஞ்சி செத்துப்போச்சி?”

“இந்தப் புள்ளி…”

“அதுவா? அப்பா வெச்சது. உனக்குத் தெரியாதா?”

நான் கண்ணாடியைக் கீழே வைத்தேன்.

“மழைக் காலத்துல தறிக்குழியில தண்ணி ஊறிக்கும் இல்ல, அப்போ அண்டாவோட, அம்மா கொலுசோட தறிக் காசும் அடகுக் கடைக்குப் போவும். பூஜைக்குள்ள மீட்டுகினு வந்துடுவாரு. ஒரு வாட்டி கடைக்காரன் வேற காசக் குடுத்து அனுப்பிட்டான், மொழுமொழுன்னு தேஞ்சது. அப்பா போயி சண்ட போட்டு நம்ம காச வாங்கிகினு வந்தாரு. அன்னிக்கே பத்தரு கிட்ட போனாரு. சரிகை நறுக்கைக் கொளுத்தி எடுத்த வெள்ளி இருந்துச்சி, அதுல ரெண்டு காசுக்கும் ஒரு பொட்டு வெச்சு ஒட்டிகினு வந்தாரு. நம்ம காசு நம்மகிட்டயே வரணும்னு. பத்தரு ஒரு பக்கமா சாய்ச்சி வெச்சாரு, கடைக்காரன் கண்ணுல படக் கூடாதுன்னு. நான் கூடவே நின்னுகினு பாத்தேன்.”

“எப்போ இது?”

“நீ அட்டைப் பட்டறையில சேந்தியே, அந்த வருஷம். நீதான் அப்போ வூட்டுப் பக்கமே வர்றது இல்லியே. பட்டறையிலேயே படுத்துக்குவ.”

தம்பி மனைவி காபி கொண்டுவந்தாள். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். வாத்தியார், மைக், நாற்பது பேர், சிவப்புத் துணி. சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னேன். தம்பி பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

“உலகத்துல ஒண்ணுதான்னு எழுதி வெச்சியா?”

“ஆமாண்டா.”

“தப்புணா. ரெண்டு இருக்குது.”

அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வந்த கோபத்தில் காபி டம்ளரைத் தூக்கி வீசியிருப்பேன். யார் மேல் வீசுவது? தம்பி மேலா? அப்பா மேலா? ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே அந்த மனிதர். மூத்தவன் நான்தானே. சாகும் வரைக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவரிடம் எதையுமே கேட்காததுதான் என் பெருமை. பதினைந்து வருஷம் அந்தப் புள்ளியைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோட்டைப் பார்த்தேன், கறுப்பைப் பார்த்தேன். ஒட்டினது என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. நாள் முழுக்க அட்டையோடு கிடந்தவனுக்கு, ஓர் இடத்தில் சரியாக வந்து நிற்கிற எதைப் பார்த்தாலும் அட்டையிலிருந்து வந்தது என்றே படுகிறது. மனிதன் வைத்தான் என்று படுவதில்லை.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். இதை வாய் திறக்காமல் முழுங்கிவிடலாம். தம்பி தேவிகாபுரத்தில் இருக்கிறான், காசுக்காரர்கள் யாரையும் அவனுக்குத் தெரியாது. ஆனால் முழுங்கினால் நான் ஏமாற்றுக்காரனாகவே நிற்க வேண்டும். வெளியே சொன்னால், அப்பா வைத்த பொட்டை அச்சு என்று பதினைந்து வருஷம் பெருமையடித்த முட்டாள் ஆவேன். முட்டாள் என்று பேர் எடுத்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். ஏமாற்றுக்காரன் என்று பேர் எடுத்தால் இந்த ஊரில் ஓர் அட்டைகூட அடிக்க முடியாது.

அடுத்த கூட்டம் கார்த்திகையில் வந்தது, அதே மண்டபம். தம்பியிடம் காசைக் கேட்டேன்.

“காசு என் கைய விட்டுப் போவாது. நானும் வரேன்” என்றான். புது வேட்டி கட்டிக்கொண்டு, காசை மஞ்சள் துணியோடு இடுப்பில் முடிந்துகொண்டு வந்தான்.

வாத்தியாரிடம் காலையிலேயே போய் இரண்டு நிமிஷம் கேட்டேன். நிகழ்ச்சி முடியட்டும் பெரியவரே, கடைசியில் பார்க்கலாம் என்றார். கடைசி என்றால் எல்லோரும் சாப்பிட்டு, பாதிப் பேர் பஸ் ஏறிவிட்ட பிறகு. நானும் தம்பியும் முன் வரிசையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குப் பின் வரிசையிலிருந்து குரல் கொடுத்தவனைத் தேடினேன். சாப்பிட்டதும் போய்விட்டிருந்தான்.

இரண்டு காசையும் கேமராவுக்கு அடியில் வைத்தேன். சுவரில் இரண்டு புள்ளி. வாத்தியார் பார்த்தார், வருஷத்தை வாசித்தார், மறுபடி பார்த்தார். நான் அப்பா கதையைச் சொன்னேன். மழை, அடகுக் கடை, பத்தர், சரிகை வெள்ளி எல்லாம். தம்பி நடுநடுவே திருத்தினான்.

“ஓ…” என்றார் வாத்தியார். “நான் தப்பா நெனச்சிட்டேன் பெரியவரே. சாரி.”

“மைக்குல சொல்லுங்க.”

“என்னங்க?”

“மைக்குல சொன்னதை மைக்குல எடுங்க.”

“மைக்க ஆஃப் பண்ணிட்டாங்களே.”

மைக் செட்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன், “ஆன் பண்ணுப்பா.”

“ஆச்சிங்க, எல்லாம் சுத்திட்டேன். அடுத்த மண்டபத்துக்குப் போவணும்.”

“சுத்தினதை அவுத்துடு.”

தம்பி எழுந்து போய் ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டான். “ஜல்தி பண்ணுப்பா. சார் சொன்னாதான் நான் எழுந்திரிப்பேன். எங்களுக்கும் பஸ்ஸு போயிடும்.”

ஒயரை அவிழ்த்தார்கள். வாத்தியார் மைக்கைப் பிடித்தார். “போன கூட்டத்துல இந்தப் பெரியவரோட காசப் பத்தி நான் சொன்னேன். புள்ளி ஒட்டினதுதான், அதுல மாத்தம் இல்ல. ஆனா அவர் ஒட்டினது இல்ல. அவரோட அப்பா, தங்களோட காசு மாறிடக் கூடாதுன்னு அடையாளத்துக்கு ஒட்டினது. இவர் யாரையும் ஏமாத்தல. நான் அப்படிக் கேட்டது தப்பு.”

வாத்தியார் நல்ல மனிதர்தான். அவர் கண் என் கண்ணைவிடக் கூர்மை. இதை எழுதுவதற்குள் எனக்குப் பல் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆனால் என் கோபம் அடங்கவில்லை. ஏன் அடங்க வேண்டும்? ஹாலில் அப்போது இருந்தது பதினொரு பேர். அவர்களில் இரண்டு பேர் நாற்காலி அடுக்குகிறவர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தது நாற்பது பேர்.

வந்தவர்கள் கையெழுத்துப் போட்ட நோட்டிலிருந்து ஆடி மாதத்துக் கூட்டத்துப் பெயர்களை எல்லாம் என் மகளை விட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறேன். களம்பூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறவர் மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் அப்படி ஒன்று நடந்ததே ஞாபகமில்லை என்றார். ஞாபகப்படுத்திவிட்டு, அப்புறம் சொல்லிவிட்டு வந்தேன். எல்லோருக்கும் முன்னால் நான் போனது பின் வரிசைக்காரன் கடைக்குத்தான். அவன் கடையில் வாடிக்கைக்காரர்கள் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். இதுவரை பதினேழு பேர் ஆயிற்று. மீதிப் பேர் வெளியூர், விலாசம் கிடைக்கவில்லை. இதை நான் எழுதுவது அவர்களுக்காகத்தான். புள்ளி வைத்தது என் அப்பா. நான் இல்லை.